ஐந்தாம் நம்பர் பல்பு

பல்பு ரிப்பேர் செய்கிறவன் என்று சொல்லிப் பெண் கேட்டுப் போக முடியாது. ஆனால் வீட்டுக்கு வீடு அவிந்துபோன பல்பு இருக்கிற வரைக்கும் பட்டினி கிடக்கவும் வேண்டியதில்லை.

நீங்களும் அடிபட்டவர்களாகத்தான் இருப்பீர்கள். பத்து வருஷம் எரியும் என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பி எல்.இ.டி. பல்பு வாங்கியிருப்பீர்கள். அது அடுத்த தீபாவளியைக்கூடப் பார்த்திருக்காது. திருப்பிக் கொடுக்கலாம் என்றால் பெட்டி இருக்காது, பெட்டி இருந்தால் ரசீது இருக்காது. சரிதானே?

நான் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருஷம் சோல்டரிங் வேலை பார்த்தேன். ஒப்பந்தம் முடிந்ததும், போர்டிக்சன் போகிற சாலையில் எங்கள் செம்பனைத் தோட்டத்து முனையில் இருக்கும் சாமி அண்ணனின் மோட்டார்சைக்கிள் பட்டறையில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி மேசை போட்டேன். அந்த மேசைக்கு வந்தவர்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். முக்கியமாக ஒருவரைப் பற்றி.

கடுகளவு புள்ளி

முதலில் வந்தவர் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்ற ஆறுமுகம் மாமா. பல்பை நீட்டினாரே தவிர, கையைவிட்டு விடவில்லை. "பல்பையெல்லாம் ரிப்பேர் பண்ணுவாங்களா லா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். வெள்ளை மூடியை நெம்பிக் கழற்றிக் காட்டினேன். உள்ளே வட்டமான அலுமினியத் தகடு, அதில் பன்னிரண்டு மஞ்சள் பொட்டுகள். பதினொன்று பளிச்சென்று இருந்தன. ஒன்றின் நடுவில் மட்டும் கடுகளவு கறுப்புப் புள்ளி. கருகிப்போனது அதுதான். பன்னிரண்டும் மாலையில் பூப்போல ஒரே வரிசையில் கோத்தவை. ஒன்று அறுந்தால் மற்றதற்கும் மின்சாரம் போகாது.

வேறொரு செத்த பல்பிலிருந்து நல்ல பொட்டு ஒன்றை எடுத்து அங்கே வைத்தேன். பல்பு எரிந்தது. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பதினொரு பேரு நல்லாத்தான் இருக்கான், ஒருத்தன் படுத்துக்கிட்டான், அதுக்காக எல்லாரும் ஸ்டிரைக்கா? நல்ல யூனியன் லா இது!"

காம்பில் எழுதுகிற கை

மாலா அக்கா எங்கள் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. செம்பனை வெட்டுகிறவர்கள் ஒவ்வொரு குலையின் காம்பிலும் தங்கள் நம்பரை எழுதி வைப்பார்கள். பழுக்காத குலையை யார் வெட்டினார் என்று மண்டோர் அதைப் பார்த்துத்தான் பிடிப்பார். இருபது வருஷமாகக் காம்பைப் பார்த்துப் பார்த்து, நம்பர் இல்லாத பொருளையே அக்காவுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைக்கிறேன். ஒருநாள் பூட்ஸ் காலோடு பட்டறைக்கு வந்து, மேசையில் ஒரு பையைக் கவிழ்த்தார். எட்டு பல்புகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் மார்க்கரில் ஒரு நம்பர், மாட்டிய தேதி, அவிந்த தேதி.

எல்லாம் தோட்டத்து மண்டபத்துப் பல்புகள். அங்கே வேலை முடிந்து தினமும் சாயங்காலம் தோட்டத்துப் பெண் பிள்ளைகளுக்கு அக்கா பூப்பந்து பழக்குகிறார். பத்து பல்பில் இரண்டுதான் எரிகிறது. அரை இருட்டில் ஒரு பிள்ளை வலைக் கம்பத்தில் மோதி நெற்றி வீங்கிவிட்டது. மேனேஜர் அதைக் கேள்விப்பட்டு, "இனி யாராச்சும் விழுந்தா யார் பதில் சொல்றது? அடுத்த மாசம் வந்து பார்ப்பேன், விளக்கு சரியில்லன்னா மண்டபத்த உர ஸ்டோர் ஆக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டாராம். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அக்கா அதையெல்லாம் குரல் உயராமல் சொல்லி முடித்து, பல்புகளை நம்பர் வரிசையில் அடுக்கி வைத்தார். "தம்பி, உரம் எங்க போட்டாலும் தூங்கும். இந்தப் புள்ளைங்கள நான் எங்க கொண்டுபோய் ஆட விடுறது?"

பழுக்காத குலை

இங்கே என் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டில் ஐந்தாம் நம்பருக்கு உள்ளே இருக்கும் மின்சுற்றே கருகியிருந்தது. அந்த இடத்துக்கு மேனேஜரே கடையில் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பினார். மீதி ஏழுக்கும் மாற்றுப் பொட்டு என்னிடம் போதவில்லை. அதனால் குறுக்கு வழி பிடித்தேன். செத்த பொட்டைப் பெயர்த்துவிட்டு, அந்த இடைவெளியில் ஒரு சொட்டு ஈயம் வைத்து இரண்டு முனையையும் ஒட்டிவிட்டேன். பாதை தொடர்ந்துவிட்டது, பல்பு எரிந்தது. ஒரே சாயங்காலத்தில் ஏழு பல்பு! எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

பன்னிரண்டு பேர் சுமந்த மூட்டையைப் பதினொரு பேர் தலையில் ஏற்றியிருக்கிறேன் என்பதை அந்த மரியாதை மறைத்துவிட்டது. மலிவு பல்பில் ஏற்கெனவே கூடுதல் பாரம். நிறைய பொட்டு வைத்தால் செலவு என்று கொஞ்சமே வைத்து, அவற்றை அளவுக்கு மேல் எரிய விடுகிறார்கள். கடையில் போட்டுக் காட்டும்போது கண் கூசும். நாமும் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். இரண்டு வாரத்தில் ஐந்து பல்பு திரும்பி வந்தது. இந்தத் தடவை கழுத்தில் நம்பரோடு, ரிப்பேர் செய்த ஆள் யார் என்பதற்கு அடையாளமாக 'த' என்று ஓர் எழுத்தும் இருந்தது. தம்பியாம். அக்கா திட்டவில்லை. தோட்டத்தில் தினமும் சொல்கிற அதே குரலில் சொன்னார்: "இது ஒன் குலைதான் தம்பி. அவசரப்பட்டு வெட்டிட்டே."

உடைந்த கண்ணாடி

ஐந்தையும் நான் பிரிக்கத் தொடங்கியபோது, அக்கா என் கையைத் தடுத்தார். "மொதல்ல எது வரலன்னு பாரு" என்றார். நான் வந்ததை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவன். அவரோ முதல் பையிலும் இல்லாத, இரண்டாவது பையிலும் இல்லாத இரண்டு நம்பர்களைப் பிடித்து வைத்திருந்தார். மூன்றும் எட்டும். ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய பல்புகள்தான். மற்ற எட்டும் அவிந்தபோது இந்த இரண்டு மட்டும் எப்படி எரிகின்றன?

அன்றைக்குச் சாயங்காலமே மண்டபத்துக்குப் போய் ஏணி வைத்து ஏறினேன். பத்து பல்புக்கும் உருண்டைக் கண்ணாடி மூடி போட்டிருந்தது. மூன்றிலும் எட்டிலும் மட்டும் மூடி இல்லை. பிள்ளைகள் அடித்த அடியில் எப்போதோ உடைந்து விழுந்திருக்கிறது. மற்ற மூடிகளைத் தொட்டேன், கையை உதறினேன். எல்.இ.டி. பல்பைக் கொல்வது சூடு. மேலே வெயில் காய்ந்த தகரக் கூரை, கீழே காற்றே புகாத கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக் உடம்புக்காரன். எப்படிப் பிழைப்பான்? எட்டு மூடியையும் கழற்றி இறக்கினேன். பந்து படாமல் இருக்க, அக்கா கோழிக்கூட்டுக் கம்பி வலையை வெட்டிக் கூடைபோல வளைத்துப் பத்துக்கும் கட்டினார். கட்டிக்கொண்டே சிரித்தார்: "கண்ணாடிய ஒடைச்சான்னு அன்னிக்கி அந்த ரெண்டு புள்ளையையும் ஏசினேன் லா. இப்ப கூப்பிட்டு ஜில்லுன்னு தே ஐஸ் வாங்கிக் கொடுக்கணும்."

வெள்ளைச் சுவர்

இந்த முறை நான் அவசரப்படவில்லை. வாரம் முழுக்கச் செத்த பல்புகளைத் தேடிப் பொறுக்கி, திரும்பி வந்த ஐந்துக்கும் இன்னும் எரிந்துகொண்டிருந்த இரண்டுக்கும் உண்மையான மாற்றுப் பொட்டு வைத்தேன். இன்னொன்றும் செய்தேன். இந்தப் பல்புகளில், எவ்வளவு மின்சாரம் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கிற சின்ன ரெசிஸ்டர் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அதில் ஒன்றை எடுத்துவிட்டால் பொட்டுகள் மேல் ஏறும் பாரம் குறையும், சூடு குறையும், ஆயுசு கூடும். வெளிச்சமும் கொஞ்சம் குறையும். அந்தக் கொஞ்சத்தில்தான் மாட்டிக்கொண்டேன். முதல் நாளே பிள்ளைகள் ஒரே குரலில், "அண்ணா, பந்து தெரியலண்ணா!"

மேனேஜர் வர நான்கு நாள்தான் இருந்தது. ரெசிஸ்டரைத் திரும்ப வைக்கவா என்று பல்பையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா பல்பைப் பார்க்கவே இல்லை. ஆடுகளக் கோட்டில் குந்தி உட்கார்ந்து, பந்து போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். மறுநாள் போனால், தோட்டத்து கேட்டுக்கு அடித்து மிஞ்சிய கரும்பச்சைச் சாயத்தை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, இரண்டு பக்கச் சுவரையும் தானே அடித்து முடித்திருந்தார். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைப் பந்து எப்படித் தெரியும்? பச்சைக்கு முன்னால் அது கொக்குபோலப் பறந்தது. மூன்று வருஷம் சோல்டரிங் கற்ற எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நெற்றி வீங்கிய பிள்ளைதான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது: "அக்கா, பந்த விட்டா லைட் சரியில்லன்னு சொல்வோம். இனிமே என்னத்த சொல்றது?"

ஐந்தாம் நம்பர்

மேனேஜர் ஏழு மணிக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் சிரிக்க மாட்டார். பத்து பல்பும் எரிந்தன. பிள்ளைகள் ஆடினார்கள். நான் கதவோரம் நின்று பல்புகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். எட்டாவது தரம் எண்ணும்போது, ஐந்தாம் இடத்தில் ஒன்று கண் சிமிட்டியது. அடுத்து இரண்டு சிமிட்டு. அப்புறம் போய்விட்டது. மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். போச்சு, மண்டபம் உரத்துக்கு!

அக்கா ஏணியைச் சாய்த்து ஏறி, வலையை நீக்கி, பல்பைத் துணியால் பிடித்துக் கழற்றினார். கழுத்தைப் பார்த்தார். இறங்கி வந்து அதை மேனேஜர் கையிலேயே வைத்தார். நம்பர் ஐந்து, மாட்டிய தேதி, அதன் கீழே 'மே' என்ற எழுத்து. மேனேஜராம். அவர் கடையில் வாங்கி அனுப்பிய அதே பல்பு. "மத்ததெல்லாம் தம்பி பார்த்ததும் பழசும் துரை" என்றார் அக்கா, அவ்வளவுதான். ஒன்பது விளக்கில் ஆட்டம் நிற்காமல் நடந்தது. ஒரு பிள்ளையும் விழவில்லை, ஒரு பந்தும் கண்ணுக்குத் தப்பவில்லை. மேனேஜர் கடைசி பந்து வரை நின்று பார்த்துவிட்டு, உரம் லாரி ஷெட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிப் போனார்.

மறுநாள் காலையில் அவருடைய காடி, அதாவது கார், பட்டறை வாசலில் வந்து நின்றது. அவரே ஒரு பையோடு இறங்கினார். பைக்குள் அவர் பங்களாவில் அவிந்த பல்புகள், எல்லாவற்றின் கழுத்திலும் புது மார்க்கர் எழுத்து. சாமி அண்ணன் காதில் விழாத குரலில் மேனேஜர் சொன்னார்: "நம்பர் போட்டுத்தான் கொண்டாந்திருக்கேன் தம்பி. மாலாகிட்ட சொல்லிடாதே."

ஆக, பத்து வருஷம் எரியும் என்று பெட்டி சொன்னதை நாம் எல்லாரும் நம்பினோம், எத்தனை நாள் எரிந்தது என்று பல்பிலேயே எழுதி வைத்தவர் ஒரே ஒரு மண்டோர். பெட்டி சொன்னதுக்கும் அக்கா எழுதியதுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது.