உறைக்குள் இருந்த மூன்றாம் புட்டி

எங்கள் திராட்சை ஊரான இரான்சியில் யாருக்கும் இடுப்பு நேராக இருக்காது. ஊரே ஒரு சட்டியின் அடியில் கிடக்கிறது. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஏற்றம்தான். ஃபிர்மேன் கூத்தெலியேவுக்கு இடுப்போடு முழங்காலும் போய்விட்டது. மனைவி மார்யோன் செத்த பிறகு உழவு, கவாத்து, பிழிவது என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாய் இழுத்துக்கொண்டிருந்தான். எதில் எதை எவ்வளவு கலப்பது என்று நாக்கில் வைத்துச் சொன்னவள் அவள்தான்.

எங்கள் சிவப்பு ஒயின் பினோ திராட்சையில் ஆவது. செர்ரி வாசனை, மெல்லிய உடம்பு. அதில் சேசார் என்ற கறுத்த திராட்சையையும் கொஞ்சம் சேர்ப்போம். ரோமாபுரிப் படையாட்கள் நட்டுவிட்டுப் போனது என்பார்கள்; யார் கண்டது? அளவாய் விழுந்தால் ஒயினுக்கு முதுகெலும்பு. கை தாராளமானால் கடுக்காயை மென்ற மாதிரி வாயைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அது இளகும்வரை வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கவேண்டியதுதான்.

ஓசேர் பட்டணத்தில் இருக்கும் ஃபிர்மேனின் மகள் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவை ஒயினுக்கு ஊர்ப் பேரு கெடைக்கலேன்னா, தோட்டத்த வித்துட்டு எங்கூட வந்துடுங்கப்பா. தனியாக் கெடந்து சாகாதீங்க." அவனும் தலையாட்டியிருந்தான்.

புட்டியில் ஊர்ப் பேரைப் போட்டு விற்க அனுமதி கொடுப்பது எங்கள் ஊர்ச் சபை. புட்டிகளுக்கு உறை போட்டு எண் ஒட்டி வைப்போம். யாருடையது என்று குடிப்பவனுக்குத் தெரியாது. முடிவு சொன்ன பிறகுதான் உறையைக் கழற்றுவது. ருசி பார்க்கும் எங்கள் ஐந்து பேரில் ஃபிர்மேன் பழைய ஆள், பொல்லாத ஆள். சொந்த மச்சானின் ஒயினையே தள்ளியவன்.

மூன்றாம் புட்டியைக் குடித்ததும் எனக்கு வாய் இறுகியது.

"முரடுதான். ஆனா அடியில செர்ரி இருக்கு, பொறுத்தா பழுத்துடும்" என்றேன்.

"ஒனக்கு வயசாயிடுச்சுய்யா காஸ்பார், எதக் குடுத்தாலும் பழுக்கும்பே!" ஃபிர்மேன் வாயிலிருந்ததைத் துப்பினான். "எவனோ சேசார அள்ளிக் கொட்டியிருக்கான். இது நம்ம ஊரு ஒயினே இல்ல."

இரண்டு பேர் கொடுக்கலாம் என்றோம், இரண்டு பேர் கூடாது என்றார்கள். ஐந்தாவதாக ஃபிர்மேனும் கூடாது என்றான். சபைத் தலைவி கிஸ்லேன் உறையைக் கழற்றினாள். ஃபிர்மேன் கூத்தெலியே என்று இருந்தது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சாம். இந்த மனுஷனுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லாமல் போயிற்றே!

"முசியே ஃபிர்மேன்," கிஸ்லேன் உறையைத் திரும்பப் புட்டியில் மாட்டினாள். "தெறந்த ஒடனே, காத்துப் பட விடாம குடிச்சிட்டோம். இன்னொரு தடவை பாத்துடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"எம் மச்சானுக்கு இன்னொரு தடவை பாத்தோமா?"

"வறட்டுப் பிடிவாதம் பிடிக்காதய்யா!" என்று கத்தினேன். ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"விடு காஸ்பார். அலுத்துப் போச்சு."

அந்தப் புட்டியிலிருந்தே ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தான். இந்தத் தடவை துப்பவில்லை. மெதுவாகக் குடித்து முடித்தான்.

"எங்க வீட்டுதுதான்," என்றான். "இப்பத்தான் தெரியுது."

அவன் என் பக்கம் திரும்பினான்.

"ஞாயித்துக்கெழமை ஒன் வண்டி சும்மா இருக்குமா? ஓசேர் வரைக்கும் ஒரு கட்டில் ஏத்தணும். பெரிய கட்டில் வேணாம், அது இங்கயே கெடக்கட்டும். எனக்கு மடக்குக் கட்டில் போதும்."