வலப்பக்கத் தகடு

என் வீட்டுக்காரர் பாத்திரத்தில் பெயர் வெட்டுபவர். குடமோ தாம்பாளமோ, காரைக்காலில் சீர் வைக்கிற வீடுகளில் அவர் உளி படாத சாமான் குறைவு. ஒருநாள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். தம் பழைய வேட்டைத் துப்பாக்கியின் இரண்டு பக்கத் தகடுகளை மட்டும் கழற்றித் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவற்றில் பூவேலை செய்ய வேண்டுமாம்.

இவருக்கு எழுத்து வரும், படம் வராது. தகட்டைத் தாளில் வைத்து ஓரம் கட்டி, எனக்கு ஒன்று, என் ஓரகத்திக்கு ஒன்று கொடுத்தார். கோவில்பத்தில் எங்கள் தெருவில் கோலம் என்றால் நான்தான். அவளுக்கு எதற்குக் கொடுத்தார் என்று அப்போதே சுருக்கென்றது.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பித்தேன். துப்பாக்கியில் சாமி உருவம் ஆகாது என்று தாமரைக்கொடி போட்டேன். ஒரு நெல் அளவு இடம் விடவில்லை. அவளோ குழம்பு கொதிக்கிற நேரத்தில் நின்றபடியே வரைந்துவிட்டாள். திருகாணி வரும் ஓட்டை ஒவ்வொன்றையும் பூவுக்கு நடுவாக வைத்து, மீதியைச் சும்மா விட்டிருந்தாள்.

“இது வலப்பக்கம்” என்று இவர் அவளுடையதை எடுத்தார். “ஒன்னோடது இடப்பக்கம்.”

“ஏங்க, என்னோடதுக்கு என்ன கொறச்சல்?”

“கொறச்சலே இல்ல, அதான் கஷ்டம். உளி திரும்ப எடம் வேணாமா?”

“ரெண்டும் ஒரே துப்பாக்கிதானேக்கா” என்றாள் அவள். ஜெயித்தவளுக்கு அப்படித்தான் பேச வரும்.

என் கொடிதான் முதலில் கண்ணில் பட வேண்டும் என்று அம்மையார் கோயிலில் வேண்டிக்கொண்டேன்.

வேலை முடிந்தபின் பெரியவர் இவரையும் என்னையும் வீட்டுக்கு அழைத்தார். துப்பாக்கி கூடத்துச் சுவரில் தொங்கியது. அவள் பூக்கள் கூடத்தைப் பார்த்து மின்னின. என் தாமரைக்கொடி சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துக் கிடந்தது.

“ஐயா, திருப்பி மாட்டுனா என்னங்க?” வாய் முந்திக்கொண்டது.

“குழல் வாசலப் பாத்து நிக்கும்மா. அப்புறம் தபால்காரன் உள்ள வருவானா?”

வண்டியில் திரும்பும்போது இவர் சமாதானம் சொன்னார். “குறி பாக்கயில அவரு கன்னம் படுறது ஒன்னோட பக்கம்தான்.”

“அந்தக் கெழவர் கன்னத்த வச்சு நான் என்ன பண்றது? ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

வாசலில் அவள் காத்திருந்தாள். “நல்லா வந்துருக்காக்கா?”

“ஒன்னோடதத்தான் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு விளக்கேற்றப் போனேன். அன்று திரி பற்றிக்கொள்ள ரொம்ப நேரம் ஆனது.