கொட்டகையில் இரண்டு தட்டு

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நேரத்தைக்கூட நிமிடம் பிசகாமல் சொல்வேன், ஏனென்றால் அந்தப் படகுக் கொட்டகையில் எனக்கு நேர் எதிரே ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் இருந்தது. அன்று அதைப் பார்த்தபடியேதான் வேலை செய்தேன். ஆறு படகு, மூன்று மணி நேரம், தனி ஆள். முடித்துக் காட்டினால் குளிர்காலம் முழுக்க எனக்கு வேலை உண்டு.

வடக்கு மினசோட்டாவில் எங்கள் ஏரி நவம்பர் கடைசியில் கல்லாகிவிடும். அதற்குள் படகுகளைக் கரையேற்றி, எஞ்சினுக்குள் தங்கியிருக்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஒரு கிண்ணம் தண்ணீர் மிச்சமிருந்தாலும் போச்சு. உறைந்து இரும்பையே பிளந்துவிடும். அதனால் எஞ்சினை ஓடவிட்டு, உறையாத ரோஸ் நிறத் திரவம் ஒன்றைக் குடிக்கக் கொடுப்போம். பின்னால் புகைக்குழாயில் ரோஸ் வந்துவிட்டால் உள்ளே தண்ணீர் இல்லை என்று அர்த்தம்.

இது இரண்டு ஆள் வேலை. ஒவ்வொரு படகையும் டிராக்டரால் வெளியே இழுத்து நிறுத்துவோம். ஒருவன் மேலே, சாவியில். ஒருவன் கீழே, புகைக்குழாயைப் பார்த்தபடி. எஞ்சின் இரைச்சலில் கத்தினால் கேட்காது. அதனால் ரோஸ் வந்ததும் கீழே நிற்பவன் படகின் அடியில் இரண்டு முறை தட்டுவான். டொக்... டொக். 'நிறுத்து' என்று அர்த்தம். மேலே இருப்பவன் யோசிக்காமல் சாவியைத் திருப்புவான். பதினோரு வருடம் எனக்குக் கீழே நின்று தட்டியவர் வெர்லின்.

வெர்லினுக்கு அறுபத்தொரு வயது. எதிலும் நிதானம். கூட வேலை செய்கிறவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். அலுவலகத்துக்கு மேலே இருந்த அறையில்தான் குடியிருந்தார். இடது பூட்ஸில் ஓட்டை, அதன்மேல் நீல டேப். எங்கள் முதலாளி மார்லிஸ் அந்த வருடம் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று சொல்லிவிட்டாள். எனக்கு மூன்று பிள்ளைகள். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் இல்லை. என் நியாயம் அவ்வளவுதான்.

நான் ஒரு சுலப வழி கண்டுபிடித்தேன். சக்கரம் வைத்த உயரமான மேடையில் ஒரு பீப்பாய். அதிலிருந்து திரவம் தானாகவே எஞ்சினுக்கு இறங்கும். படகின் பின்னால் ஒரு பழைய லாரிக் கண்ணாடி. மேலே உட்கார்ந்தபடியே புகைக்குழாயைப் பார்த்துக்கொள்ளலாம். படகை வெளியே இழுக்கவே வேண்டாம். கொட்டகைக் கதவைப் பாதி திறந்து வைத்தால் போதும். கீழே ஆள் எதற்கு?

செய்து காட்டிய அன்று வெர்லின் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பொகை எங்கப்பா போகும், டுவேன்?"

"உங்க ரூமுக்கு," என்றேன்.

மார்லிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். வெள்ளிக்கிழமை அவரை நிறுத்திவிட்டாள். வேலையோடு அறையும் போயிற்று. ஃபார்கோவில் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பேருந்து நிறுத்தம் வரை காரில் கொண்டுபோய் விட்டிருக்கலாம். செய்யவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊரே மான் வேட்டைக்குப் போயிருந்தது. 3.30க்குக் கொட்டகைக்குள் நுழைந்தேன். கதவு வழியாக ஏரிக்காற்று நேரே உள்ளே அடித்தது.

முதலில் காபி வாசனை. யாரும் இல்லாத கொட்டகையில், அப்போதுதான் காய்ச்சியது போல. காலையில் என் சட்டையில் சிந்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்கோடியில் 'லோர்னா ஜீன்' நின்றது. உள்ளே படுக்கை அறையெல்லாம் உள்ள பெரிய படகு. அதன் வேலையைப் போன வாரமே முடித்து, முழுக்க வெள்ளை பிளாஸ்டிக்கால் இறுகச் சுற்றியிருந்தோம். அந்த பிளாஸ்டிக்கில் காற்றுக்கு இரண்டு துளையும், ஆள் நுழைய ஒரு ஜிப்பும் உண்டு. ஜிப் ஒரு சாண் திறந்திருந்தது. எலி நுழைந்துவிடும். இழுத்து மூடி, மேலே டேப்பும் ஒட்டினேன்.

3.40. முதல் படகு. கண்ணாடியில் ரோஸ் தெரிந்தது. நிறுத்தினேன். இவ்வளவு சுலபமா என்று எனக்கே சிரிப்பு வந்தது.

4.05. இரண்டாவது படகு. ரேடியோவில் ஃபுட்பால் ஆட்டம்.

4.12. டொக்... டொக்.

மெல்லிய சத்தம். பின்கோடியிலிருந்து. குளிரில் பிளாஸ்டிக் சுருங்கினால் இப்படித்தான் கேட்கும். ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.

4.15. மறுபடியும். டொக்...

இன்னொன்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

4.50. வெளியே இருட்டிவிட்டது. மூன்றாவது படகு. தலை லேசாக வலித்தது. கண்ணாடியில் தண்ணீர்... தண்ணீர்... பிறகு ரோஸ்.

டொக்... டொக்.

என் காலுக்கு நேர் கீழே.

பழக்க தோஷத்தில் சாவியைத் திருப்பிவிட்டேன். அதன் பிறகுதான் உறைத்தது. கீழே தட்ட யாரும் இல்லை.

கண்ணாடியைப் பார்த்தேன். புகைக்குழாய். சொட்டுகிற ரோஸ். பக்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸ். இடது பூட்ஸில் நீல டேப்.

எட்டிப் பார்த்தேன். ஈரத் தரை மட்டும்தான்.

பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. கிழவன் போகவில்லை, ஒளிந்திருந்து என் பிழைப்பில் மண் போடுகிறான் என்று நினைத்தேன்.

"வெளிய வாங்க வெர்லின். இந்த வெளையாட்டெல்லாம் எங்கிட்ட வேணாம்."

மூன்று படகு பாக்கி. 6.40க்கு மார்லிஸ் வந்து பார்ப்பாள்.

5.20. நாலாவது படகு. சாவியைத் திருப்பினேன்.

டொக்... டொக்.

நான் நிறுத்தவில்லை.

டொக்... டொக்.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துப் படகில் டொக்... டொக். அதற்கு அடுத்ததில். அதற்கும் அடுத்ததில்... ஒவ்வொரு படகாக, அவசரமே இல்லாமல், பின்கோடியை நோக்கிப் போயிற்று.

கடைசியில் லோர்னா ஜீன்.

வெள்ளை பிளாஸ்டிக்கில்... உள்ளேயிருந்து... ஒரு கை.

ஐந்து விரலும் தெரிந்தன.

அழுத்தியது. நகர்ந்தது. நான் டேப் ஒட்டிய இடத்தைத் தேடியது.

5.31. ஓடினேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

6.05க்கு மார்லிஸோடு திரும்பி வந்தேன். கொட்டகையில் சத்தமே இல்லை. எஞ்சின் நின்றிருந்தது. சாவி படகில் இல்லை. கதவோரம் ஆணியில் தொங்கியது. வேலை முடிந்ததும் சாவியை அந்த ஆணியில் மாட்டுகிறவர் வெர்லின் மட்டும்தான். லோர்னா ஜீனில் கையும் இல்லை, காலும் இல்லை. டேப் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

"நீ இப்பிடி ஒரு பயந்தாங்கொள்ளின்னு தெரிஞ்சிருந்தா, அந்த மனுசனையே வச்சிருப்பேன்," என்றாள் மார்லிஸ்.

செவ்வாய்க்கிழமை ஃபார்கோவிலிருந்து தங்கை போன் செய்தாள். அண்ணன் வரவே இல்லையாம். எனக்கு அந்தக் காபி வாசனை ஞாபகம் வந்தது. டேப்பைக் கிழித்தவனும் நான்தான்.

உள்ளே ஒரு கம்பளி, ஒரு சின்ன அடுப்பு, காபிப் பாத்திரம். வெர்லின் ஜிப்புக்குப் பக்கத்தில் பூட்ஸோடு கிடந்தார். கையில் ஒரு ஸ்பேனர். நச்சுப் புகை என்றார் போலீஸோடு வந்த டாக்டர். அடுப்புப் புகை என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். காற்று என் எஞ்சின் புகையையெல்லாம் பின்கோடிக்குத் தள்ளியதை நான் சொல்லவில்லை. டேப்பை ஒட்டியது யார் என்று அவர் கேட்கவும் இல்லை. டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ஞாயிறு மாலை நாலரைக்குள் உயிர் போயிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் ஒரு விரலைக்கூட அசைத்திருக்க முடியாது.

குளிர்கால வேலை எனக்குத்தான் கிடைத்தது.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் 4.50க்கு என் காலடியில் தட்டியது யார் என்றுதான் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. அதை நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டதும் இல்லை.

4.12க்கு அவர் உயிரோடு இருந்தார். பதினோரு வருடம் தட்டியது போலவே இரண்டு முறை தட்டினார்.

நான் ரேடியோவைக் கூட்டினேன்.