ஓய்வறியா என்று போட வேண்டாம்

இந்த நினைவு மலரின் அட்டையில், அக்காவின் படத்துக்குக் கீழே என்ன போடுவது என்பதில்தான் வீட்டில் முதல் சண்டை வந்தது. கடலூர் அச்சகத்திலிருந்து ஒரு மாதிரி அனுப்பியிருந்தார்கள். அதில் 'ஓய்வறியா உழைப்பாளி' என்று பெரிய எழுத்தில் இருந்தது. பெரியப்பாதான் அப்படிப் போடச் சொன்னாராம். நான் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டேன்.

"ஏம்மா, நல்ல வார்த்ததான அது? எல்லாரும் போடுறதுதான?" என்றார் பெரியப்பா.

"எல்லாரும் போடுறாங்க, அதான் எரிச்சலா வருது பெரியப்பா. ஓய்வறியான்னா இன்னா அர்த்தம்? ஓய்வுன்னா இன்னான்னே தெரியாதவங்கன்னு அர்த்தம். அக்காவுக்கு அது நல்லாவே தெரியும். நாமதான் விடல."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். நினைவு மலரில் கோபம் வேண்டாம் என்று மாமா, அதாவது அக்காவின் கணவர், என்னிடம் கேட்டுக்கொண்டார். அவருக்காக முயன்று பார்க்கிறேன். முடியாத இடங்களில் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா கிள்ளைக்குப் பக்கத்தில் எங்கள் மீனவக் குப்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தார். அப்பா கடலுக்குப் போனவர். அம்மா மீன்கூடையோடு சிதம்பரம் போய் விற்று வந்தவர். அவர்கள் இருவரும் வீடு திரும்புவதற்குள் சோறு வடித்து, எனக்குத் தலை வாரி, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது அக்கா. வலை காயும் இடத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பார். சத்தம் போடாமல் படிக்கச் சொன்னால், அலைச் சத்தத்துக்கு மேலே தன் காதிலேயே விழவில்லை என்பார். சிதம்பரத்தில் கல்லூரி முடித்து, தேர்வு எழுதி, கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் சனத்தில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். வேலை உத்தரவு வந்த அன்று குப்பத்தில் யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. எல்லோருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

திருமணமாகிச் சிதம்பரத்தில் குடியேறிய பிறகு, தினமும் கடலூருக்குப் பேருந்தில்தான் போய் வந்தார். மாலையில் கடலூர் பேருந்து நிலையத்தில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்குவார். சன்னலோர இடம் பிடிப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்து, ஒவ்வொரு கடலையாகத் தோலை ஊதித் தின்பார். புதுச்சத்திரம் வருவதற்குள் பொட்டலம் காலியாகிவிடும். மகள் சங்கீதா சின்னவளாக இருந்தபோது, "எனக்கு ஏம்மா வாங்கிட்டு வரல?" என்று கேட்டு அழுவாள்.

"வூட்டுக்குள்ள வந்துட்டா நான் உங்களுக்கு. பஸ்ஸுல இருக்குற வரைக்கும் நான் எனக்கு. கடல என் பங்கு," என்பார் அக்கா. சங்கீதாவுக்கு வேறு ஏதாவது வாங்கித் தருவார், கடலை மட்டும் கிடையாது. ஓய்வு என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர்தான் அப்படிச் சொல்ல முடியும்.

அக்காவின் குணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும், யார் எது கேட்டாலும் மறுக்காதவர் என்று எழுதுவார்கள். உண்மைதான். சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பு, முதியோர் உதவித்தொகை, படகுக்கு மானிய டீசல், ஆதாரில் ஓர் எழுத்துப் பிழை, இப்படி எது என்றாலும் குப்பத்தில் ஒரே பதில்தான். "அது ஆபீஸ்ல இருக்குதுல்ல, அதுகிட்ட சொல்லிடு." அக்கா வேலை பார்த்த பிரிவுக்கும் இந்த வேலைகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது யாருக்கும் தெரியாது, சொன்னாலும் காதில் ஏறாது. கடலூரில் இருப்பதெல்லாம் ஒரே ஆபீஸ் என்று நம் சனம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேறு அலுவலகங்களில் போய் வரிசையில் நிற்பார். அங்கே இருக்கிறவர்கள் இந்தத் தாள் சரியில்லை, நாளைக்கு வாங்க என்பார்கள். இவரும் அரசு ஊழியர்தான் என்பதால் அவர்களிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

கேட்டவர்கள் எல்லோருக்கும் அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "சரி, நான் பாத்துக்கறேன்."

இதோடு அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, அக்கா வீட்டில் படுக்கையானார். அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்களின் இடத்துக்கு ஆள் போடவில்லை. அவர்களின் கோப்புகளும் அக்காவின் மேசைக்கு வந்தன. அங்கேயும் அதே பதில்தான்.

அப்போதுதான் அக்கா கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். கைப்பையில் கிடந்து நமத்துப்போன பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைப்பார். நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். "பாத்தியா, இத்தன வருசம் கழிச்சி இப்பதான் நம்ம ஞாபகம் வந்துருக்கு," என்று மாமாகூடக் கேலி செய்தார். விருந்தாளிகளிடம், தனக்கென்று ஒரு கடலைகூட வைத்துக்கொள்ள மாட்டார் என்று பெருமையாகச் சொன்னோம். தனக்குப் பிடித்த ஒன்றை வாய்வரைக்கும் கொண்டுபோகத் தெம்பில்லாமல் ஒருத்தர் வருகிறார் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அன்பு என்று எடுத்துக்கொண்டு, நமத்துப்போனதைத் தின்று முடித்தோம்.

இன்னும் எத்தனையோ இருந்தன. சில்லறை இல்லை என்று சொன்ன நடத்துநரிடம் பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிற்றைப் புரட்டுகிறது என்று படுத்துவிடுவார். தலைவலித் தைலத்தின் வாசனை அவரோடேயே வந்தது. குக்கர் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று ஒரு நாள் அடுப்பங்கரையில் நின்று அழுதார். படுத்தால் தூக்கம் வரவில்லை, எழுந்தால் தூங்கியது போலவே இல்லை என்று என்னிடம் போனில் சொன்னார்.

இதற்கெல்லாம் நாங்கள் ஆளுக்கொரு பெயர் வைத்தோம். அசதி என்றார் மாமா. வயது என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். கண்ணு பட்டிருக்கிறது என்று அம்மா படுக்கையில் இருந்தபடியே உப்பும் மிளகாயும் எடுத்துவரச் சொல்லிச் சுற்றிப்போட்டார். பெரியப்பா கோயிலுக்குப் போகச் சொன்னார். சத்துமாவு வந்தது, தைலம் வந்தது, கறுப்புக் கயிறு வந்தது. அக்காவின் கையில் இருந்த ஒரு வேலையை வாங்கிக்கொள்ள மட்டும் யாரும் வரவில்லை.

சரியாகக் கண்டுபிடித்தவர் பர்வீன். பரங்கிப்பேட்டைப் பெண், கடலூரில் வேலை. அக்காவோடு அதே பேருந்தில் வருகிறவர், உறவு ஒன்றும் இல்லை.

"அக்கா, நீங்க கடல திங்கிறத பாத்தே ரொம்ப நாளாவுது. பொட்டலத்த மடியில வச்சிக்கிட்டு சும்மா வெளிய பாக்குறீங்க. எங்க மாமியாருக்கு இப்டிதான் ஆரம்பிச்சிது. நாளைக்கு லீவு போடுங்க, டாக்டர்கிட்ட போவலாம்," என்றாராம். சொன்னதோடு நிற்காமல் கூட்டிக்கொண்டும் போனார்.

இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர் பெண், காலையிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்டாராம். அக்கா சொல்லி முடிக்கவே நேரமாயிற்று. "இதுல நீங்க மட்டும்தான் செய்யணும்னு எது இருக்கு? அத மட்டும் வச்சிக்கிட்டு மிச்சத்த இறக்கி வைங்க. தெனமும் கொஞ்ச நேரம் உங்களுக்குன்னு வேணும். மாத்திரை பாதிதான், இது மீதி," என்றாராம். இதை அக்கா என்னிடம் சொன்னபோது சிரித்தார். "என் கடல பங்க தான் அந்தம்மா திரும்பக் குடுத்துருக்கு," என்றார்.

அதன் பிறகு வந்த கொஞ்ச நாள்களை நான் மறக்க மாட்டேன். அம்மாவைக் காலையில் குளிப்பாட்டும் வேலை மாமாவுக்கு வந்தது. அவர் முதலில் முனகினார், பிறகு பழகிக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா போனை அணைத்து அலமாரியில் வைத்தார். சனிக்கிழமைகளில் பர்வீனோடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். கடல் பார்த்துப் பிறந்தவளுக்கு இது என்ன வேடிக்கை என்று நான் கேட்டேன். "அங்க வல இழுக்கணும், மீன் பிரிக்கணும். இங்க சும்மா குந்தியிருக்கலாம்டி," என்றார். பொட்டலம் மறுபடி பேருந்திலேயே காலியாயிற்று. எங்கள் பழைய அக்கா திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். நான் அன்று அங்கே இருந்தேன்.

"போன ஆஃப் பண்ணி வச்சிடுறியாமே? கூப்புட்டு கூப்புட்டுப் பாக்குறாங்களாம். பெரிய ஆபீசர் ஆயிட்டியாம்மா நீ? நம்ம சனத்துக்கு இல்லாத படிப்பு இன்னாத்துக்கு?"

மருத்துவர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். "டாக்டருங்க சொல்றது எல்லாருக்கும் அதான். பிபி யாருக்கு இல்ல? எனக்குந்தான் இருக்குது," என்றார் அவர். அக்கா எழுந்து போய் அலமாரியிலிருந்து போனை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். அதற்குப் பிறகு அது அணையவே இல்லை. கடற்கரையும் நின்றது. மாத்திரையும் ஒரு நாள் போட்டார், ஒரு நாள் மறந்தார்.

வேலைதான் அக்காவைக் கொண்டுபோனது என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஒரு காலையில் பேருந்துக்குப் புறப்படும்போது வாசலில் சரிந்தார். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். சில நாள்கள் மருத்துவமனையில் இருந்தார். இடையில் நினைவு நன்றாகத் தெளிந்து, எங்களோடு பேசவும் செய்தார். அந்த நேரத்தில் பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், ஆப்பிள் பையோடு தன் மகனுடைய சான்றிதழின் ஜெராக்ஸையும் கொண்டுவந்தார். நான் கனவு காணவில்லை, மாமாவும் பார்த்தார். அக்கா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு மெதுவாக, "அங்க வச்சிட்டுப் போ. நான் பாத்துக்கறேன்," என்றார். மறுநாள் மறுபடி நினைவு தப்பியது, பிறகு திரும்பவில்லை. எங்கள் அக்கா கடைசியாகத் தெளிவாகப் பேசிய வார்த்தை அதுதான்.

இதுவரை எழுதியதைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் பெயரைக் கெடுக்கிற எதையும் அவருக்குத் தெரியாமல் அச்சில் போடக் கூடாது இல்லையா. கேட்டு முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் கெட்டவனாம்மா? ஆபீஸ் வாசப்படி ஏறுனாலே எங்களுக்குக் காலு பின்னுது. இந்தத் தாளு அந்தத் தாளுன்னு தொரத்துறானுங்க. உள்ள நம்ம ஆளுன்னு இருந்தது அது ஒண்ணுதான். வேற யாருகிட்ட போவோம்?"

ஒரு சின்னத் தாளுக்கு மனிதர்களை இத்தனை முறை அலையவைக்கிறவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். அதையும் சேர்த்தே இங்கே எழுதிவைக்கிறேன். "அந்த வார்த்தைய அடிச்சது அடிச்சபடியே இருக்கட்டும், திரும்பப் போட வாணாம்," என்றார் அவர். அதனால்தான் அட்டையில், 'பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து கடலை தின்னப் பிடித்தவர்' என்று அச்சாகியிருக்கிறது. இது என்ன வரி என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரை.

இனி நன்றி. அக்காவை மருத்துவரிடம் கூட்டிப்போன பர்வீனுக்கு முதல் நன்றி. அம்மாவை இன்றும் காலையில் குளிப்பாட்டுகிற மாமாவுக்கு நன்றி. மருத்துவமனையில் கூடவே இருந்த தெருக்காரர்களுக்கும், ஈமச்சடங்குக்கு வேலையை விட்டு வந்த கிள்ளை உறவுகளுக்கும், வந்து எங்களைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இத்தோடு முடித்திருப்பேன். போன வாரம் சிதம்பரம் போயிருந்தேன். சங்கீதா இப்போது கடலூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலைக்குப் போகிறாள், அம்மா போன அதே பேருந்தில். அவள் கைகால் கழுவப் போனதும், துவைக்கப் போடலாம் என்று அவளுடைய கைப்பையைக் காலி செய்தேன். அடியில் ஒரு கடலைப் பொட்டலம், பிரிக்காமல் இருந்தது. அப்போது அவள் போன் அடித்தது. ஈரக்கையோடு வந்து எடுத்தாள். கிள்ளையிலிருந்து பெரியப்பா, அவளுக்குத் தாத்தா.

"சொல்லுங்க தாத்தா... ம்... சரி தாத்தா, நான் பாத்து..."

முடிப்பதற்குள் போனை வாங்கிக்கொண்டேன். இன்னொரு கையால் பொட்டலத்தைப் பிரித்து அவள் உள்ளங்கையில் கொட்டினேன்.

"பெரியப்பா, நான் பேசுறேன். அவ கடல தின்னுட்டிருக்கா. இன்னா வேலையா இருந்தாலும் இனிமே அவகிட்ட வராது. நாளைக்கு நீங்களே கடலூரு கெளம்பி வாங்க. ஆபீஸ் வாசல்ல நான் நிக்கிறேன், ஒரு தடவ கூட வந்து காட்டுறேன். அடுத்த தடவ நீங்களா போவணும்."

கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"எந்த பஸ்ஸுலம்மா ஏறணும்?"

அவருக்கும் எங்கள் நன்றி.