ஆறு பேர் ஓகே சொன்ன லீவர்

பைக்கின் பிரேக் லீவர் ஒன்று என் கைக்கு வந்தபோது, அதன் வளைவில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசலைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதில் இன்றுவரை எனக்குச் சந்தேகமில்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் அப்போது நான் ஒப்பந்த ஊழியர். சந்தேகமான பாகம் வந்தால் மேசையில் இருக்கும் ஏழு பேரும் கைமாற்றிப் பார்த்து, ஆளுக்கு ஒரு வார்த்தையில் ஓகே அல்லது ரிஜெக்ட் என்று சொல்வது வழக்கம். முதலில் சொல்பவர் இன்சார்ஜ். அவர் ஓகே என்றால் மேசை முழுக்க ஓகேதான். அன்றும் அப்படித்தான் ஆனது. வெளியே லாரி வேறு காத்திருந்தது. ஆறாவது ஆளான நானும் ஓகே என்றேன்.

ஏழாவது, பக்கத்து நாற்காலி அக்கா. வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், இன்சார்ஜோடு கன்னடம் என்று மூன்றிலும் வாயடிப்பார். அவரும் ஒப்பந்தம்தான். அந்த மாதம் அதைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே இன்சார்ஜ். அக்கா லீவரை மேசைமேல் வைத்து, “இது கிராக், சார்” என்றார். பிறகு நாலாவது ஆள் தனக்கும் லேசாகத் தோன்றியது என்றார், இரண்டாவது ஆளும் ஒத்துக்கொண்டார், அதற்கப்புறம் நான். இன்சார்ஜ் கண்ணாடியை மாட்டி மறுபடி பார்த்துவிட்டு, லாரியை நிறுத்தச் சொன்னார். அதே லாட்டில் ஒன்றாக வந்த இன்னும் சில லீவர்களிலும் விரிசல் இருந்தது. முகம் தெரியாத யாரோ அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது அது கையோடு ஒடிந்து வந்திருக்கலாம். நல்லவேளை, அக்காவின் ஒப்பந்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பின்னால் படித்து, இன்று கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். கோடுகளை வைத்துச் செய்த பழைய சோதனை ஒன்று பாடத்தில் வரும். எந்தக் கோடு எதற்குச் சம நீளம் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் முன்னமே சொல்லிவைத்த ஆட்கள் வரிசையாகத் தவறாகச் சொல்ல, விஷயம் தெரியாத ஒருவரும் பல தடவை அவர்களோடு சேர்ந்துகொள்வார். கூட்டத்தில் இன்னொருவர் சரியாகச் சொல்லிவிட்டால் போதும், இவருக்கும் துணிவு வந்துவிடும். மாணவர்கள் அந்தத் தலையாட்டியை நினைத்துச் சிரிப்பார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று வளர்ந்த பிள்ளைகள் சிரிப்பதைப் பார்க்க எனக்குக் கோபம்கூட வரும். அந்தத் தலையாட்டி நான்தான்.

போன மாதம் அக்கா வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு ஓசூர் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும், அன்று விரிசலை முதலிலேயே தெளிவாகப் பார்த்தும் ஓகே சொன்னேன் என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டேன். அக்காவுக்கு ஒரே சிரிப்பு.

“அது எனக்கு அன்னிக்கே தெரியும். அஞ்சு பேரு ஓகேன்னதும் எங்கண்ணுதான் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன். நீ மட்டும் சட்டுனு சொல்லல. திருப்பித் திருப்பிப் பாத்து, கண்ண வேற தொடச்சிகிட்ட. சரி, இவளுக்கும் தெரியுதுன்னுதான் தைரியமா வாயத் தொறந்தேன்.”

எனக்கு அது நினைவிலேயே இல்லை. இத்தனை வருடமும் நான் சொன்ன ஓகேயை மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தேன். திரும்பும்போது பஸ் சூளகிரி தாண்டும்வரை அழுதேன். அதற்கப்புறம் நன்றாகத் தூங்கிவிட்டேன். கிருஷ்ணகிரியில் கண்டக்டர்தான் எழுப்பினார்.