சோம்பேறிக்கு ஒரு சர்டிபிகேட்

நாகஜோதிக்கு மனிதர்களைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் ஒருநாளும் இருந்ததில்லை. காரைக்குடி செக்காலை ரோட்டில், காது மூக்கு தொண்டை டாக்டர் ஸ்ரீநிவாசனிடம் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸாக இருப்பவளுக்கு அப்படி ஓர் அபிப்பிராயம் வர வழியும் இல்லை. தீக்குச்சியால் காதைக் குடைந்து, குச்சியின் தலையை உள்ளேயே விட்டுவிட்டு வருவார்கள். காரில் வந்து இறங்கும் பெரிய மனிதர்கள் காதில் எண்ணெய் ஊற்றிச் சீழ் பிடிக்கவைத்துக்கொண்டு, அது செக்கில் ஆட்டிய எண்ணெய் என்று பெருமை வேறு பேசுவார்கள். டாக்டராவது தேவலை என்றால் அவரும் அப்படித்தான். எந்த மூக்கைப் பார்த்தாலும் எலும்பு வளைந்திருக்கிறது என்பார்.

இவர்கள் அத்தனை பேரையும் சேர்த்தாலும் அவளுடைய புருஷன் சோணைக்கு ஈடாக மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

சோணை தூங்குவான். வேறு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனால் உட்கார்ந்தால் தூங்குவான், நின்றால் சாய்ந்துகொண்டு தூங்குவான். அரிசி மில்லில் மூட்டை எண்ணப் போட்டார்கள், எண்ணிக்கொண்டிருக்கும்போதே தூங்கினான். மினி பஸ்ஸில் கண்டக்டராக ஏறினான். படியில் நின்றபடியே கண்ணசந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். கொழுந்தியாள் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டு முகத்துக்கு நேரே சுற்றும்போது தூங்கினான். அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. கடைசியாகப் பள்ளத்தூரில், செட்டியார் வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்த இடத்தில் வாட்ச்மேன் வேலை. பட்டப்பகலில், தொப்பியும் விசிலுமாக, வாயைத் திறந்துகொண்டு தூங்கியவனை ஒரு வெள்ளைக்காரி போட்டோ பிடித்து நெட்டில் போட, அது சுற்றிச் சுற்றி நாகஜோதியின் போனுக்கே வந்து சேர்ந்தது. வேலை அன்றைக்கே போயிற்று.

"திங்குறதுக்கும் தூங்குறதுக்கும்னே பாத்துப் பாத்து மாப்பிள்ள தேடிருக்காரு எங்கப்பா" என்றாள். சோம்பேறி என்ற சொல்லை அவள் கோபத்தில் சொல்வதில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல் சாதாரணமாகத்தான் சொல்வாள்.

குறட்டை தாங்காமல் அவன் பாயைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்கு ஏற்றிவிட்டாள். பரீட்சைக்குப் படிக்க மாடிக்குப் போன மகள் சத்தியப்பிரியாதான் ஒருநாள் இறங்கி வந்து சொன்னாள்.

"அம்மா, அப்பா தூக்கத்துல மூச்சு விடாமக் கெடக்காக. பெறகு திடீர்னு வெடுக்குனு இழுக்காக. உங்க டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

"மூச்சு விடுறதும் ஒரு வேலைதான. உங்கப்பா எந்த வேலைய ஒழுங்காச் செஞ்சாரு?"

மகள் விடவில்லை. அக்கம்பக்கத்திலும் பேச்சு கிளம்பியது, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள் புருஷனைக் கவனிக்க மாட்டேன் என்கிறாளே என்று. அந்தப் பேச்சு நாகஜோதிக்குச் சுருக்கென்றது. அந்த மாதம்தான் டாக்டர் தூக்கத்தைப் பரிசோதிக்கும் மிஷின் ஒன்றை வாங்கி, மாடியில் பழைய சாமான் கிடந்த அறைக்கு ஏசி போட்டு வைத்திருந்தார். மிஷினைப் பழகிக்கொள்ள ஆள் வேண்டும், பீஸ் வேண்டாம், குறட்டை விடுகிறவன் யாராவது இருந்தால் கூட்டி வா என்றார்.

நாகஜோதி உடனே சோணையைக் கொண்டுவந்தாள். இரக்கப்பட்டு அல்ல. இந்த ஆளுக்குச் சோம்பேறித்தனத்தைத் தவிர ஒரு வியாதியும் இல்லை என்று டாக்டர் வாயாலேயே சொல்ல வைப்பது, மகளின் வக்காலத்தை அன்றோடு முடிப்பது, மறுநாளே அவனைத் திருக்கோஷ்டியூரில் அவன் அக்காள் வீட்டில் கொண்டுபோய்த் தள்ளுவது என்று எல்லாம் தீர்மானமாகியிருந்தது. சோணைக்கும் அது தெரியும். இரண்டு வேட்டி சட்டைகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் வந்தான்.

ராத்திரி, மிஷின் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஹரீஷ் சொல்லச் சொல்ல, அவளே தலையில் வயர்களை ஒட்டினாள், நெஞ்சில் பட்டை கட்டினாள், மூக்கில் சின்னக் குழாயைச் செருகினாள்.

"புது எடம், தூக்கம் வருமோ என்னமோ" என்றான் சோணை.

"வராம எங்குட்டுப் போகும்?"

அவள் கடைசி வயரை ஒட்டி முடிப்பதற்குள் தூங்கிவிட்டான். உதட்டைச் சுழித்துக்கொண்டு வெளியே வந்து மிஷினின் திரைக்கு முன் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சைக் காட்டும் கோடு படுத்துவிட்டது.

"கொழாய் கழண்டிருச்சு. ஒழுங்காப் படுக்கக்கூடத் தெரியாது" என்று உள்ளே போனாள்.

குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது. புறங்கையை அவன் மூக்குக்கு நேரே வைத்தாள். காற்று வரவில்லை. வாய்க்கு நேரே வைத்தாள். அங்கும் இல்லை. நெஞ்சு மட்டும் ஏறி ஏறித் தவித்தது. நர்ஸ் வேலைப் பழக்கத்தில் எண்ணத் தொடங்கினாள். முப்பது. நாற்பது. ஐம்பதையும் தாண்டியது. ஊருணியில் முங்கி எழுந்தவன்போல் சோணை பெரிதாக ஒரு மூச்சை இழுத்தான், புரண்டான், மறுபடி தூங்கினான், மறுபடி மூச்சு நின்றது. நாகஜோதி பயந்துபோனாள். விடியும்வரை அவள் வெளியே வரவில்லை.

"மணிக்கு அறுபது தடவைக்கு மேல நிக்கிதுக்கா" என்றான் ஹரீஷ், வயர்களைச் சுருட்டிக்கொண்டே. "பக்கத்துல படுக்குறவுகளுக்கே தெரிஞ்சிருக்குமே. யாரும் கவனிக்கலையா?"

"மாடியில படுப்பாரு" என்றாள்.

காலையில் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். சோணையின் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். படுத்தவுடன் தொண்டை ஒட்டி அடைத்துக்கொள்கிறது, மூச்சு நிற்க நிற்க மூளை எழுப்பி விடுகிறது என்றார். ராத்திரி மாட்டிக்கொள்ள மாஸ்க் வைத்த மிஷின் ஒன்று வேண்டும் என்றார்.

"ஜோதி, உன் வீட்டுக்காரர் வருஷக்கணக்கா ராத்திரி ஒழுங்காத் தூங்கினதே இல்ல. பகல்ல எழுந்து வேலைக்குப் போனதே பெரிசு. இங்கேயே வேலை பார்க்கிற, இதுகூடத் தெரியலையா உனக்கு?" மற்றவர்களைப் பார்த்து அவள் உதட்டைச் சுழிப்பாளே, அதேபோல் சுழித்தார்.

சோணை பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்.

"அப்ப நான் சோம்பேறி இல்லையா சார்?"

"இது வியாதிப்பா."

"அத எழுதிக் குடுப்பீகளா?"

"ரிப்போர்ட் இருக்கே."

"அது இங்கிலீசுல இருக்கு சார். தமிழ்ல வேணும். எங்க அக்கா வீட்டுல காட்டணும். மாமனார் வீட்டுல காட்டணும்."

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். டாக்டர் தன் பெயர் அச்சடித்த தாள் ஒன்றைக் கிழித்து நாகஜோதியிடம் நீட்டினார். "நீயே எழுது. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

பெயர், வயது, வியாதி எல்லாம் முத்து முத்தாக எழுதினாள். எழுதி நிறுத்தினாள்.

"அந்த வார்த்தையையும் எழுது" என்றான் சோணை. குரலில் கோபம் இல்லை. "அப்பிடி இல்லேன்னு எழுது."

எழுதினாள். டாக்டர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். சோணை தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி, கடைசிவரை படித்தான். படித்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

"அடியில ஒன் பேரையும் போடு, ஜோதி."