சுபோதினியின் ஒட்டுமா

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலு மாடிக் கட்டடத்தின் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள் சுபோதினி. மேலே இருப்பவர்களில் ஒருவரையும் அவள் மதித்ததில்லை. மதிக்கிற மாதிரி அதுகளும் நடந்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கறுத்தக்கொழும்பான் ஒட்டு மாங்கன்றை முற்றத்தில் நட்டபோது, "இது கார் விடுற இடம்" என்று முகம் சுழித்த கூட்டம்தானே! வருடக்கணக்காகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் அவள். ஒரு கை கொடுத்த நாய் கிடையாது. கொழும்பில் அவளுக்கென்று இருந்தது அந்த மரம் ஒன்றுதான்.

வைகாசிக் காற்றில் மரம் வேரோடு சாய்ந்தது. முதல் முறையாகக் காய்த்த பிஞ்சுகளோடு அது கிடந்தது. வேர் காய்வதற்குள் நிமிர்த்தியாக வேண்டும். ஈரச் சாக்கால் வேரை மூடிவிட்டு, பக்கத்துக் கராஜ்காரர் பாயிஸிடம் ஓடினாள். அவர் பாரம் தூக்கும் செயின் புளொக்கோடு வந்தார்.

மேல்வீடுகளும் இறங்கி வந்தன. தூக்க அல்ல, வேடிக்கை பார்க்க. குடியிருப்போர் சங்கத் தலைவர் தனஞ்சயன் கட்டின சாரத்தோடு நின்று படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டார். மரம் எல்லாருக்கும் பொது என்று உடனேயே அங்கே முடிவானது. மாங்காயைக் கண்டதும் வந்த பொதுநலம்!

சுபோதினி கொப்புகளைத் தறிக்கக் கத்தியை எடுத்தாள். தனஞ்சயன் பதறிப்போனார்.

"என்ன பிள்ளை செய்யிறீர்? காய்ச்ச கொப்பை ஆரும் வெட்டுவினமே?"

"அறுந்த வேர் இவ்வளவு கொப்புக்கும் தண்ணி இழுக்குமே ஐயா? கொப்பை விட்டால் மரம் செத்துப்போம்."

"கொஞ்ச நாள் பொறுத்து வெட்டலாம். பிஞ்சு முத்தினால் ஊறுகாய்க்காவது..."

"ஊறுகாய்க்கோ? வெக்கமா இல்லையே உங்களுக்கு?"

சுபோதினி கத்தியை ஓங்கினாள். கொப்புக் கொப்பாகத் தறித்தாள். தான் வளர்த்த மரத்தின் முதற்காயைத் தானே வெட்டி விழுத்துகையில் கண் கலங்கியது. அதுகளுக்கு முன்னால் அழுவதா? திரும்பி நின்று மூக்கைச் சீறினாள். விழுந்த பிஞ்சுகளை மேல்வீட்டுக்காரர் சொப்பிங் பைகளில் பொறுக்கிக்கொண்டு போனார்கள். பாயிஸ் மொட்டை மரத்தை நிமிர்த்தி, குழியை மூடி, சுற்றிவர முட்டுக்கொடுத்தார்.

ஆடியில் சிவந்த தளிர் விட்டது. தனஞ்சயன் தன் விருந்தாளிகளைக் கூட்டிவந்து, "நாங்கள் காப்பாத்தின மரம்" என்று காட்டினார். சுபோதினி வெளியே வந்தாள்.

"நல்லது ஐயா. இண்டையிலயிருந்து தண்ணியும் நீங்களே ஊத்துங்கோ. நான் விட்டிட்டன்."

"அதுக்கென்ன, ஊத்துவம்" என்றார் பெரிய மனிதர்.

அதன்பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வெயில் வேறு கொளுத்தியது. தளிர்கள் தலை தொங்கின. மேல்வீட்டு டிவியில் யாரோ கைதட்டிச் சிரித்தார்கள்.

"ரோசங்கெட்டதுகள்!" என்று பல்லைக் கடித்தாள் சுபோதினி. வாளியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள்.

"அதுகளைவிட ரோசங்கெட்டவள் நான்" என்று தன்னையே திட்டியபடி பைப்பைத் திறந்தாள்.